நாட்பட்ட அடிவயிற்று வலி: காப்பீடு மறுக்கப்படும்போது

ஆறு மாதங்களுக்கு மேலாக அடிவயிற்றிலும் இடுப்புக்குழியிலும் தொடர்ந்தோ விட்டுவிட்டோ இருந்துவரும் வலியை நாட்பட்ட அடிவயிற்று வலி என்கிறோம். எண்டோமெட்ரியோசிஸ், அடினோமயோசிஸ், சிறுநீர்ப்பை வலி நோய், குடல் எரிச்சல் நோய், இடுப்புத்தளத் தசைகளின் இறுக்கம் எனக் காரணங்கள் பல. ஒரே நோயாளிக்கு இவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் உண்டு. ஆண்களுக்கும் இவ்வலி வருவதுண்டு என்றாலும், எங்களிடம் வருவோரில் பெரும்பாலோர் பெண்களே. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி, மகப்பேற்று வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது.

இந்நோய்களுக்கான சிகிச்சையைப் பற்றி அல்லாமல் காப்பீட்டைப் பற்றி இப்போது எழுத வேண்டிய தேவை ஏன் என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் புறநோயாளர் பிரிவில் நோயாளியும் குடும்பத்தினரும் கேட்கும் முதல் கேள்வி பல நேரங்களில் “இதற்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா டாக்டர்?” என்பதாகவே இருக்கிறது. காப்பீடு மறுக்கப்பட்டதால் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவர்களையும் பார்க்கிறோம். மறுப்புக் கடிதத்தின் விளைவு பணத்தோடு முடிவதில்லை. ஆண்டுக்கணக்காக “எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே” என்று கேட்டுக் கேட்டு, தன் வலியைத் தானே ஐயுறத் தொடங்கிவிட்ட ஒரு பெண்ணிடம், “ஏற்கத்தக்கதல்ல” என்று அச்சிட்ட தாள் வந்து சேர்கிறது. அதை வீட்டார் படிக்கும் முறை வேறு. நோயே இல்லை என்று கம்பெனியே சொல்லிவிட்டதாகச் சிலர் புரிந்துகொள்கிறார்கள். அது நோயைப் பற்றிய தீர்ப்பு அல்ல. ஒப்பந்தத்தின் ஒரு விதியைக் காட்டி எடுத்த முடிவு மட்டுமே. 2022 முதல் நடைமுறைக்கு வந்துள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, வேறு நோயின் அடையாளமாக இல்லாதபோதும் நாட்பட்ட வலியைத் தனி நோயாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

மறுப்புகளில் நாங்கள் மிகுதியாகக் காண்பது “முன்பே இருந்த நோய்” என்னும் காரணம். 2024 ஏப்ரல் முதல், இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களைத் தாண்டக் கூடாது. அதற்கு முன்பு இது 48 மாதங்களாக இருந்தது. எது முன்பே இருந்த நோய் என்பதற்கும் வரையறை உண்டு. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் ஒருவரால் கண்டறியப்பட்ட நோய், அல்லது மருத்துவ ஆலோசனையோ சிகிச்சையோ பரிந்துரைக்கப்பட்ட அல்லது பெறப்பட்ட நோய் என்பதே அது. வலி இருந்தது என்பதும், நோய் கண்டறியப்பட்டது என்பதும் ஒன்றல்ல.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு நோயாளியின் வழியாகச் சொல்லலாம். முப்பதைக் கடந்த பெண் அவர். சினைப்பையில் எண்டோமெட்ரியோசிஸ் கட்டிக்காக லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பாலிசி எடுத்து இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. அனுமதிக் குறிப்பில் “பத்து ஆண்டுகளாக மாதவிடாய் வலி” என்று எழுதப்பட்டிருந்தது, அது உண்மைதான். அந்த ஒரு வரியைக் காட்டியே கிளெய்ம் மறுக்கப்பட்டது. ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளில் அவர் செய்ததெல்லாம் தாயார் கொடுத்த வெந்தயமும் சுடுநீர்ப் பையும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையும்தான். மருத்துவரிடம் சென்றதும், ஸ்கேன் எடுத்ததும், நோயின் பெயரைக் கேள்விப்பட்டதும் பாலிசி தொடங்கிய பின்னரே. முதல் ஓ.பி. சீட்டு, தேதியுடன் கூடிய முதல் ஸ்கேன் அறிக்கை ஆகியவற்றை இணைத்து, நோய் எப்போது கண்டறியப்பட்டது என்பதை விளக்கி நாங்கள் கடிதம் கொடுத்தோம். மறுபரிசீலனையில் தொகை கிடைத்தது.

ஆகவே, பழைய சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். கசங்கிய தாளாக இருந்தாலும் தேதி இருந்தால் போதும். டிஸ்சார்ஜ் சம்மரியை வீட்டுக்குக் கொண்டு செல்லும் முன்னரே படித்துப் பாருங்கள். வலி தொடங்கிய காலமும் நோய் கண்டறியப்பட்ட காலமும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள். தவறாக எழுதப்பட்டிருந்தால் திருத்தித் தருவது எங்கள் கடமை. உண்மையான தேதியை மாற்றி எழுதித் தருமாறு சிலர் கேட்கிறார்கள். அதைச் செய்ய இயலாது. பாலிசி எடுக்கும்போது விண்ணப்பத்தில் கேட்கப்படும் கேள்விகளுக்கும் மறைக்காமல் விடையளிப்பதே நல்லது. அறுபது மாதங்கள் தொடர்ந்து பாலிசி நடப்பில் இருந்தபின், மோசடி நிறுவப்பட்டால் ஒழிய, தகவலை மறைத்தார் என்னும் காரணத்தால் கிளெய்மை மறுக்க முடியாது என்ற விதி உண்டு. அதுவரை மறைத்த தகவல் பாலிசியையே இழக்கச் செய்யலாம்.

இதிலிருந்து வேறானது குறிப்பிட்ட நோய்களுக்கான காத்திருப்புக் காலம். கருப்பை நீக்கம், சாதாரணக் கட்டிகள், நீர்க்கட்டிகள், குடலிறக்கம் போன்றவற்றுக்குப் பல பாலிசிகளில் இது 24 மாதங்கள். நோய் புதிதாக வந்தது என்று எவ்வளவு நிறுவினாலும் இக்காலத்துக்குள் பணம் கிடைக்காது. அவசரமற்ற அறுவை சிகிச்சையாக இருந்தால், மருந்துகளால் வலியைக் கட்டுக்குள் வைத்துச் சில மாதங்கள் காத்திருக்க முடியுமா என்பதை எங்களுடன் பேசி முடிவு செய்யலாம். வேறு கம்பெனிக்கு மாறும்போது, முறைப்படி போர்ட்டபிலிட்டி வழியாக மாறினால், கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் சேரும். இடையில் பாலிசியைக் காலாவதியாக விட்டால் சேராது.

“பரிசோதனைக்காக மட்டும் அனுமதி” என்பது அடுத்த காரணம். நோயைக் கண்டறிவதை மட்டுமே முதன்மை நோக்கமாகக் கொண்ட அனுமதிக்குக் காப்பீடு இல்லை என்பது எல்லாப் பாலிசிகளிலும் காணப்படும் விலக்கு. லேப்ராஸ்கோப்பியின்போது ஒட்டுதல்கள் நீக்கப்பட்டிருந்தால், நோய்த்திட்டுகள் அகற்றப்பட்டிருந்தால், அது சிகிச்சை. அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகல் கிளெய்முடன் செல்ல வேண்டும். இதேபோல, எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவருக்குக் குழந்தையின்மையும் இருந்தால், வலிக்காகச் செய்த அறுவை சிகிச்சையும் குழந்தையின்மைச் சிகிச்சை என்று மறுக்கப்படுவதுண்டு. எதற்காக அறுவை சிகிச்சை செய்யப்பட்டது என்பது முன்அனுமதிப் படிவத்திலேயே தெளிவாக இருக்க வேண்டும். படிவத்தில் கையெழுத்திடும் முன் கேட்டறியுங்கள்.

எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது இனி சொல்லப்போவது. எண்டோமெட்ரியோசிஸைக் கண்டறிய எடுத்தவுடன் லேப்ராஸ்கோப்பி தேவையில்லை, ஸ்கேன், எம்.ஆர்.ஐ. இவற்றின் துணையுடன் மருந்துச் சிகிச்சையைத் தொடங்கலாம் என்பது 2022-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதலின் நிலைப்பாடு. நாங்களும் அவ்வாறே செய்கிறோம். தசை இறுக்கத்தால் வரும் வலிக்கு முதன்மையான சிகிச்சை இடுப்புத்தளப் பிசியோதெரபி. இவை அனைத்தும் புறநோயாளர் சிகிச்சைகள். பெரும்பாலான பாலிசிகளோ 24 மணி நேரம் படுக்கையில் அனுமதிக்கப்பட்டால்தான், அல்லது பகல்நேரச் சிகிச்சைப் பட்டியலில் இருந்தால்தான் பணம் தருகின்றன. கருப்பையை எடுத்துவிட்டால் பணம் வரும். கருப்பையைக் காக்கும் மாத்திரைக்கு வராது. இந்த ஏற்பாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாடு பார்த்திருக்கிறது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் அரசுக் காப்பீட்டின் கீழ்த் தேவையற்ற கருப்பை நீக்கங்கள் நடந்ததாக எழுந்த வழக்கில், அவற்றைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

“ஒரு நாள் அட்மிஷன் போட்டுவிடுங்கள், கிளெய்ம் செய்துகொள்கிறோம்” என்று கேட்கும் குடும்பங்களின் நெருக்கடி எங்களுக்குப் புரிகிறது. ஆயினும் தேவையற்ற அனுமதிக்கு நாங்கள் உடன்படுவதில்லை. முறையான வழிகள் சில உள்ளன. அறுவை சிகிச்சை நடந்திருந்தால், அனுமதிக்கு முந்தைய 30 நாட்கள், வீடு திரும்பிய பின் 60 நாட்கள் வரையிலான பரிசோதனை, மருந்து, பிசியோதெரபிச் செலவுகளையும் பல பாலிசிகளில் கோரலாம். பலர் இந்த ரசீதுகளை வாங்குவதே இல்லை. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கான இ.எஸ்.ஐ. திட்டத்தில் புறநோயாளர் சிகிச்சையும் மருந்தும் அடங்கும். முன்பே இருந்த நோய் என்ற தடையும் இல்லை. தனியார் பாலிசியை எண்ணிக் கவலைப்படும் சில நோயாளிகளின் கைப்பையிலேயே இ.எஸ்.ஐ. அட்டை இருப்பதைக் கண்டிருக்கிறோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் அது பட்டியலிடப்பட்ட சிகிச்சைகளுக்கு மட்டுமே.

மறுப்பு வந்துவிட்டால் என்ன செய்வது? கேஷ்லெஸ் மறுக்கப்படுவது கிளெய்மே மறுக்கப்பட்டதாகாது. பணம் கட்டி, பின்னர் ஆவணங்களுடன் தொகையைத் திரும்பக் கோரலாம். கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் விடை தர வேண்டும் என்பது 2024 மே மாதச் சுற்றறிக்கை. கிளெய்ம் மறுக்கப்பட்டால், எந்த விதியின் கீழ் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தொலைபேசியில் சொன்னதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. அந்த விதியின் எண்ணைக் கொண்டுவந்தால்தான் அதற்குரிய விளக்கக் கடிதத்தை எங்களால் எழுத முடியும். முதலில் அக்கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதியலாம். ஒரு மாதத்துக்குள் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். தமிழ்நாட்டினருக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

இந்தக் கடிதங்களை வலியோடிருப்பவர் தாமே எழுத வேண்டியதில்லை. கணவரோ சகோதரரோ பெற்றோரோ ஒருவர் பொறுப்பேற்று, ஒரே கோப்பில் எல்லாத் தாள்களையும் தேதி வரிசையில் வைத்துக்கொண்டால் நோயாளிக்குப் பாதிச் சுமை குறையும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன்னரே பாலிசியின் முழு நகலுடன் எங்கள் காப்பீட்டு உதவிப் பிரிவுக்கு வாருங்கள். அட்டையை மட்டும் கொண்டுவந்தால் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியாது.