முத்திரை இல்லாத கோப்பு

ஆம்பூரில் தைத்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் ஷூ ஒன்று கையில் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். சின்னச் சின்னப் படங்கள் அச்சிட்டிருக்கும். மேற்பகுதி, உள்பகுதி, அடிப்பாகம் மூன்றுக்கும் தனித்தனிப் படம். பக்கத்திலேயே அது எதனால் ஆனது என்பதற்கும் ஒரு படம். விரித்துப் போட்ட தோல்போல இருந்தால் தோல், வலைபோல இருந்தால் துணி, வெறும் சாய்சதுரம் என்றால் வேறு ஏதோ பொருள். 1994-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த விதி இது. பெட்டிமேல் ‘லெதர் ஷூ’ என்று எழுதிவிட்டால் ஆயிற்றா? மேலே தோலும் கீழே ரப்பருமாக இருக்கலாமே.

திறமூல மென்பொருளிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு திட்டத்தில் ஆயிரக்கணக்கான நிரல் கோப்புகள் இருக்கும். இதை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமம் பெரும்பாலும் வாசலில் ஒரே ஒரு கோப்பாக இருக்கும். ஆனால் கோப்புகள் வீட்டோடு இருப்பதில்லை. வாணியம்பாடி டேனரி ஒன்றுக்கு இருப்புக் கணக்கு எழுதும் இளைஞர், தனக்கு வேண்டிய ஒரே ஒரு கோப்பை எடுத்துத் தன் நிரலில் சேர்த்துக்கொள்வார். மண்டியில் கட்டைப் பிரித்து ஒரு தோலை மட்டும் கொண்டுபோனால், அது யாருடைய சரக்கு என்பதைத் தோலில் குத்திய குறிதான் சொல்லும். குறி இல்லையென்றால்?

‘நெட்டில் சும்மாதானே கிடக்கிறது’ என்பார்கள். சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கணக்கில் கொள்கிறது. எழுதிய கணமே உரிமை வந்துவிடும். பதிவு செய்ய வேண்டியதில்லை. பிறருக்கு அனுமதி தருவதென்றால் எழுத்துமூலம் தர வேண்டும். ஆகவே எதுவும் எழுதாத கோப்பு பொதுச்சொத்து அல்ல, பூட்டிய வீடு.

இப்படிக் குறியில்லாக் கோப்புகள் பெருமளவில் இருந்த இடம் லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரல். 2017-இல் அதன் சுமார் 60,000 கோப்புகளையும் கேட் ஸ்டூவர்ட், பிலிப் ஓம்பிரடான், தாமஸ் கிளெய்க்ஸ்னர் ஆகியோர் அலசினார்கள். இரண்டு தனித்தனி மென்பொருள்களை ஓடவிட்டு, முடிவுகளை அட்டவணையில் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டார்கள். கண்ணால் சரிபார்க்க மட்டும் 70 மணி நேரத்துக்கு மேல் ஆனது. சில இடங்களில் வக்கீல்களையும் கேட்டார்கள். உரிமம் சொல்லாத 11,000-க்கும் மேற்பட்ட கோப்புகளின் தலையில் ஒற்றை வரி ஏறியது: இதற்கு ஜிபிஎல் என்ற உரிமத்தின் இரண்டாம் பதிப்பு. கருநிரல் மொத்தத்துக்கும் அதுவே பொது உரிமம் என்பதால் இது புதிய விதி அல்ல, ஏற்கெனவே இருந்ததை எழுதிவைத்ததுதான். வெளி நிரல்கள் கருநிரலோடு பேசப் பயன்படும் கோப்புகளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கையும் சேர்த்தார்கள். இல்லாவிட்டால் லினக்ஸில் ஓடும் சாதாரண நிரலுக்கும் ஜிபிஎல் பொருந்துமோ என்ற சந்தேகம் எழும்.

அந்த ஒற்றை வரிக்கு எஸ்.பி.டி.எக்ஸ். அடையாளம் என்று பெயர். 2021 முதல் இந்த எஸ்.பி.டி.எக்ஸ். முறை ஒரு ஐ.எஸ்.ஓ. தரமும்கூட. ஷூவின் படம்போலத்தான், எந்த மொழிக்காரருக்கும் புரியும், இயந்திரமும் படிக்கும். அதற்கு முன் கோப்புதோறும் பத்திருபது வரி உரிம வாசகம் ஒட்டுவார்கள். ஜிபிஎல் வாசகத்தில் அதை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் முகவரியும் இருக்கும்; அது பாஸ்டனில் இடம் மாறிய பிறகும் பல கோப்புகள் பழைய தெருப்பெயரையே சொல்லிக்கொண்டிருந்தன!

நம் திட்டத்தில் கோப்புதோறும் இப்படிக் குறி இடுவதென்றால், முதலில் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்: கோப்பை முதலில் போட்டவர் யார், பிறகு கை வைத்தவர்கள் யார் யார். போட்டவரே எழுதினாரா, வேறெங்கிருந்தோ எடுத்து வந்தாரா என்று அவரிடமே கேட்க வேண்டும். சம்பளத்துக்கு எழுதியதென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை முதலாளிக்குப் போகும்; எழுதியவர் தலையசைத்தால் மட்டும் போதாது. பதிலை மின்னஞ்சலில் வாங்கித் திட்டத்தோடு சேர்த்து வைப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் ஒரே வரியை மொத்தமாக ஒட்டிவிடும் ஆசை வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுத்தவர் தோலில் நம் குறியைக் குத்துகிற வேலை அது.

கேட்டும் பதில் வராத கோப்பு ஒன்றிரண்டு எப்போதும் மிஞ்சும். அவற்றை எடுத்துவிட்டு, பழையதைத் திறந்தே பார்க்காத ஒருவரிடம் புதிதாக எழுதச் சொல்ல வேண்டியதுதான்.