கடவுச்சொல் மேலாண்மைச் செயலிகளில் குறிப்புப் புலம்: பயனும் பாதுகாப்பு வரம்பும்

ஆய்வுச்சுருக்கம்

கடவுச்சொல் மேலாண்மைச் செயலிகளில் சேமிக்கப்படும் ஒவ்வொரு பதிவுடனும், பயனர் தம் விருப்பம்போல் எழுதிவைப்பதற்கான குறிப்புப் புலம் ஒன்று அமைந்துள்ளது. கடவுச்சொல் சரியாக இருந்தும் கணக்கினுள் நுழைய இயலாத சூழலில் துணைநிற்பது இப்புலமே. எதையும் எழுதலாம் என்னும் அதன் நெகிழ்வே இடர்ப்பாட்டிற்கும் வழிவகுக்கிறது. இப்புலம் காக்கப்படும் முறையையும், அதில் எழுதத்தக்கவை, தவிர்க்கத்தக்கவை ஆகியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கடவுச்சொல், குறிப்புப் புலம், மறைகுறியாக்கம், மீட்புக் குறியீடு, ஒருங்குறி

முன்னுரை

ஆய்வு மாணவர் ஒருவர் தம் பழைய கைப்பேசி எண்ணைக் கைவிட்டுப் புதிய எண் பெறுகிறார் எனக் கொள்ளலாம். சில திங்கள் கழித்துத் தேர்வுத் தளம் ஒன்றினுள் நுழைய முற்படுகிறார். கடவுச்சொல் செயலியில் உள்ளது. ஆனால் சரிபார்ப்பு எண் பழைய கைப்பேசி எண்ணுக்குச் செல்கிறது. எந்தெந்தக் கணக்குகள் அந்த எண்ணோடு பிணைக்கப்பட்டிருந்தன என்பது எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. விண்ணப்பத்தின் இறுதி நாளில் இந்நிலை நேருமாயின் இழப்பு பெரிது. கடவுச்சொல் என்பது கணக்கின் ஒரு கூறு மட்டுமே. கணக்கின் வரலாறு தனியே பேணப்பட வேண்டியது என்பதை இது உணர்த்துகிறது.

குறிப்புப் புலத்தின் பரவல்

2003இல் வெளிவந்த கீபாஸ் செயலியில் தலைப்பு, பயனர் பெயர், கடவுச்சொல், இணைய முகவரி, குறிப்பு ஆகிய ஐந்தும் அடிப்படைப் புலங்களாக அமைந்துள்ளன. இயங்குதளங்களிலும் உலாவிகளிலும் உள்ளமைந்த சேமிப்புக் கருவிகளில் இவ்வசதி பின்னரே வந்தது. ஆப்பிள் நிறுவனம் 2022 மார்ச்சில் ஐஓஎஸ் 15.4 பதிப்பின் வழியாகவும், கூகுள் நிறுவனம் 2023இல் குரோம் உலாவியின் கடவுச்சொல் மேலாண்மைக் கருவியிலும் இதனைச் சேர்த்தன. தனிச் செயலி எதையும் நிறுவாதவர்க்கும் இன்று குறிப்புப் புலம் எட்டும் நிலையில் உள்ளது.

மறைகுறியாக்கத்தின் எல்லை

குறிப்பு எங்கு எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் பாதுகாப்பு அமைகிறது. பதிவின் எல்லாக் கூறுகளும் எல்லாச் செயலிகளிலும் ஒரே வகையில் காக்கப்படுவதில்லை. யுனிக்ஸ் வகைக் கணினிகளில் வழங்கும் ‘பாஸ்’ என்னும் எளிய செயலியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதில் ஒவ்வொரு பதிவும் மறைகுறியாக்கப்பட்ட ஒரு கோப்பு. வழக்கமாக முதல் வரியில் கடவுச்சொல்லும் அடுத்த வரிகளில் குறிப்புகளும் எழுதப்படும். கோப்பின் உள்ளடக்கம் மறைக்கப்படினும் கோப்பின் பெயர் மறைக்கப்படுவதில்லை. குறிப்பாக எழுத வேண்டியதைப் பெயரில் எழுதினால் அது வெளிப்படையாகிவிடும்.

லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நிகழ்ந்த தரவுத் திருட்டும் இதனையே காட்டுகிறது. பயனர்களின் பெட்டகத் தரவின் காப்புப்படி களவாடப்பட்டதாக அந்நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது. அதில் பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் குறிப்புகளும் மறைகுறியாக்கப்பட்டிருந்தன. இணைய முகவரிகளோ மறைகுறியாக்கம் இன்றி இருந்தன. மறைக்கப்பட்ட பகுதியின் பாதுகாப்பும் ஒவ்வொரு பயனரின் முதன்மைக் கடவுச்சொல்லின் வலிமையைச் சார்ந்தே நின்றது. படி ஒன்று கைக்குக் கிடைத்தபின், முதன்மைக் கடவுச்சொல்லை எத்தனை முறை வேண்டுமானாலும் ஊகித்துப் பார்க்கத் திருடியவருக்குத் தடையில்லை.

எழுதத்தக்கவை

குறிப்புப் புலத்தில் இடம்பெறத்தக்கவை மூவகையின. முதலாவது, கணக்கின் பிணைப்புகள்: பதிவு செய்யப்பட்ட மின்னஞ்சல், கைப்பேசி எண்ணின் இறுதி இலக்கங்கள், தொடங்கிய நாள், புதுப்பிக்க வேண்டிய நாள் முதலியன. கைப்பேசி எண் மாறும்போது செயலியில் அவ்விலக்கங்களைத் தேடினால், மாற்ற வேண்டிய கணக்குகளின் பட்டியல் கிடைத்துவிடும். குறிப்புகளையும் தேடல் உள்ளடக்குமாறு செயலி அமைந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்பு வினாக்களுக்கான விடைகள். கூகுள் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆங்கிலம் பேசும் பயனர்களிடம் விருப்பமான உணவு எதுவென வினவினால், ஒரே ஊகத்தில் சரியான விடையைக் கண்டறியும் வாய்ப்பு 19.7 விழுக்காடு. ஆதலால் உண்மையான விடையைத் தவிர்த்து, தொடர்பற்ற சொற்களை விடையாக அளித்து அவற்றைக் குறிப்பில் சேமிப்பது தக்கது.

மூன்றாவது, பின்வருவோர்க்கான விளக்கம். துறையின் இணையதளம் அல்லது ஆய்விதழின் கணக்கு ஒருவர் பொறுப்பிலிருந்து மற்றொருவருக்கு மாறும்போது, கடவுச்சொல்லை மட்டும் ஒப்படைப்பது போதாது. கட்டணம் எப்போது செலுத்தப்படுகிறது, எந்த அமைப்பை மாற்றலாகாது என்பனவற்றை இரண்டு வரிகளில் எழுதிவைப்பது பொறுப்பு மாற்றத்தை எளிதாக்கும்.

தவிர்க்கத்தக்கவை

இருபடிச் சரிபார்ப்பிற்குரிய மீட்புக் குறியீடுகளைக் கடவுச்சொல் உள்ள பதிவிலேயே எழுதுவது பரவலான வழக்கம். இரண்டு திறவுகோல்களையும் ஒரே பெட்டியில் வைத்தால், பெட்டி திறக்கப்பட்டவுடன் இரண்டாம் படி பொருளற்றதாகிவிடுகிறது. அவற்றைத் தாளில் எழுதித் தனியிடத்திலோ வேறொரு பெட்டகத்திலோ வைப்பது நன்று.

திரையில் கடவுச்சொல் புள்ளிகளாகத் தோன்றும். குறிப்போ பெரும்பாலான செயலிகளில் பதிவைத் திறந்தவுடன் வெளிப்படையாகத் தெரியும். வகுப்பறைத் திரையில் கணினியைக் காட்டும் விரிவுரையாளர்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். மறைவாக இருக்க வேண்டியவற்றை, பிட்வார்டன் போன்ற செயலிகளில் உள்ள மறைபுல வசதியைக் கொண்டு தனியே சேர்க்கலாம். மேலும், பதிவைப் பிறருடன் பகிரும்போது குறிப்பும் உடன் செல்லும். கீபாஸ் செயலியில் ஒரு குறிப்பை நீக்கினாலும் அதன் முந்தைய வடிவம் பதிவின் வரலாற்றுப் பகுதியில் எஞ்சியிருக்கும். தரவைச் சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்தால், குறிப்புகள் உட்பட அனைத்தும் மறைகுறியாக்கம் இன்றி வெளிவரும்; பணி முடிந்ததும் அக்கோப்பை அழித்தல் இன்றியமையாதது.

தமிழில் குறிப்பெழுதுதல்

குறிப்புகளைத் தமிழில் எழுதுவோர் அளவு வரம்பையும் அறிந்திருத்தல் வேண்டும். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வோர் ஒருங்குறிப் புள்ளியும் 3 பைட்டு இடம் கொள்கிறது. ‘தமிழ்’ என்னும் சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியில் 5 புள்ளிகள். சேமிப்பில் 15 பைட்டு. பிட்வார்டன் செயலியில் குறிப்பின் வரம்பு 10,000 எழுத்துரு. இவ்வரம்பு மறைகுறியாக்கத்திற்குப் பிந்தைய வடிவத்தைக் குறிப்பது. மறைகுறியாக்கப்பட்ட தரவை எழுத்துருவாக மாற்றும்போது அது மூன்றில் ஒரு பங்கு பெருகுகிறது. எனவே ஏறத்தாழ 7,400 பைட்டே எஞ்சுகிறது. அதில் தமிழ்ப் புள்ளிகள் 2,500க்கும் குறைவாகவே அடங்கும். அன்றாடக் குறிப்புகளுக்கு இது போதுமானது. நீண்ட ஆவணங்களுக்குப் பொருந்தாது.

முடிவுரை

குறிப்புப் புலம் கடவுச்சொல்லுக்கு இணையான காவலுக்கு உரியது. ஒரு செய்தியை எழுதுமுன் இரண்டு வினாக்களை எழுப்பிக்கொள்வது போதும். இது இல்லாவிடில் கணக்கின் உரிமையாளரோ பின்வருபவரோ தடுமாற நேருமா? பெட்டகம் பிறர் கையில் சிக்கினால் இச்செய்தியே அடுத்த பூட்டையும் திறந்துவிடுமா? முதல் வினாவிற்கு ஆம் எனவும் இரண்டாவதற்கு இல்லை எனவும் விடை வருவன குறிப்பில் இடம்பெறத்தக்கவை. இரண்டிற்கும் ஆம் என விடை வருவன பேணப்பட வேண்டியவையே. அவற்றிற்கு உரிய இடம் வேறொரு பெட்டகமாகும்.