கிட்டார் டேப்: புத்தகமா, இலவசமா?

கிட்டார் டேப் என்பது ஆறு கோடுகளில் எண்களை எழுதிக்காட்டும் குறிப்பு. கோடு தந்தியைக் குறிக்கும்; எண், விரல் வைக்க வேண்டிய கட்டத்தைச் சொல்லும். ஹால் லெனார்டு போன்ற பதிப்பகங்கள் உரிமை பெற்று வெளியிடும் டேப் புத்தகங்களில் மேற்கத்திய இசைக்குறிப்பும் சேர்ந்தே வருவதால் தாளக்கணக்கு பிடிபடும். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் ரசிகர்கள் காதால் கேட்டு எழுதியவை. தாளம் விடுபட்டிருக்கும், விரலிடமும் மாறியிருக்கலாம். முதல் தந்தியை வெறுமனே மீட்டினால் எழும் அதே ஸ்வரம் இரண்டாம் தந்தியின் 5ஆம் கட்டத்திலும், மூன்றாவதின் 9ஆம் கட்டத்திலும் உண்டு. தவறான இடத்தில் பழகிய கையைத் திருத்துவது பெரும்பாடு.

ஆங்கிலப் பாடல் என்றால் புத்தகத்துக்குச் செலவழிப்பது தகும். 1982இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ போன்ற, டேப் புத்தகம் கிடைப்பது அரிதான தமிழ்ப் பாடலுக்கு இலவச டேப்பே கைகொடுக்கும். பாட்டின் வேகத்தைக் குறைத்து ஓடவிட்டு, அடிக்கு அடி ஒத்துப்பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.