தாலி கட்டும் நேரத்தில் ஜீனோ

மாங்கல்யத் தட்டு கூட்டத்தைச் சுற்றி வந்துவிட்டது. நாகஸ்வரக்காரர் கன்னத்தை உப்பிக்கொண்டு தயாராக இருக்கிறார். யாரோ விரலை ஆட்டி ‘கெட்டிமேளம்’ என்கிறார். அவ்வளவுதான். திரை ஒரு துள்ளு துள்ளி, சாம்பல் கோடுகள் குறுக்கே ஓடி, கல்யாண மண்டபமே காணாமல் போகிறது. அந்த இடத்தில் எழுத்தாளர் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ டி.வி. தொடர் ஓட ஆரம்பிக்கிறது.

பெரியப்பா மகளின் கல்யாணக் கேசட் அது. குற்றவாளி எங்கள் சித்தப்பா. ஸ்ரீரங்கத்தில் சுஜாதா பைத்தியங்களுக்குப் பஞ்சமே கிடையாது. சித்தப்பா அதில் முற்றிய கேஸ். வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து வந்த நாளில் பார்த்துக் காலிக் கேசட் கிடைக்கவில்லை. கல்யாணக் கேசட்டை யாரும் அழித்துவிடக் கூடாது என்று அதன் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்து வைப்பார்கள், நினைவிருக்கிறதா? அந்த ஓட்டையின் மேல் செல்லோடேப் ஒட்டினால் டெக் ஏமாந்துவிடும். சித்தப்பா ஒட்டினார். “கடைசில காலியா இருக்கற இடத்துலதான் எடுத்தேன்” என்று சாகும்வரை சாதித்தார். இருபது நிமிடம் அந்தத் தொடரின் இயந்திர நாய் ஜீனோவின் ராஜ்யம் நடந்து, மறுபடி கோடுகள் ஓடி, படம் தெளியும்போது பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருப்பார்கள். அக்காவுக்குத் தாலி கட்டியதற்கு அந்தக் கேசட்டில் சாட்சி இல்லை.

இது இப்போது நினைவுக்கு வரக் காரணம் உண்டு. விஞ்ஞானத் தொடர்களின் திரைக்குப் பின்னால் நடந்த சுவாரஸ்யங்களை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். வெளிநாட்டுச் சரக்கு கொட்டிக் கிடக்கிறது. எல்லாமே கைக்காசு பத்தாமல் விளைந்த தந்திரங்கள். அமெரிக்காவில் ‘ஸ்டார் ட்ரெக்’கின் முதல் ஒளிபரப்பு 1966 செப்டம்பர் 8. அன்று போன ‘தி மேன் ட்ராப்’ அத்தியாயத்தில் உப்புக்கு அலையும் ஒரு பிராணி. எதிர்கால உப்புக்குப்பி வேண்டுமே என்று விசித்திர வடிவத்தில் சிலவற்றைக் கடைகளில் தேடிப் பிடித்து வந்தார்கள். பார்ப்பவர்களுக்கு அது உப்புக்குப்பி என்றே புரியாது என்று அப்புறம்தான் உறைத்தது. சாதாரணக் குப்பியைப் படத்தில் வைத்துவிட்டு, வாங்கி வந்ததை வீணாக்குவானேன் என்று கப்பல் டாக்டரின் கையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் அறுவைச் சிகிச்சை செய்தது சாப்பாட்டு மேஜைச் சாமானை வைத்துத்தான். ஆட்கள் மின்னி மறைந்து இன்னொரு கிரகத்தில் இறங்குகிறார்களே, அதுவும் சிக்கனம்தான். வாராவாரம் கப்பலைத் தரையிறக்கிக் காட்டப் பணம் கிடையாது. அலுமினியப் பொடியை வெளிச்சத்தில் தூவிப் படம் பிடித்தார்கள், மாயம் ஆயிற்று.

லண்டனில் 1963-இல் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ இன்னும் பரம ஏழை. காலத்தைத் தாண்டும் பெட்டி கிளம்பும்போது ஒரு முனகல் கேட்கும். பழைய பியானோ ஒன்றின் கம்பிகளில் வீட்டுச் சாவியைத் தேய்த்து எடுத்த சத்தம் அது.

இத்தனையும் நமக்குத் தெரிகிறதென்றால் யாரோ உடனுக்குடன் எழுதி வைத்ததால்தான். ஸ்டார் ட்ரெக் உருவான கதையைச் சொல்லும் புத்தகம் 1968-லேயே வந்துவிட்டது, தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே. நம் பக்கத்தில் சினிமா நடிகர் என்ன குழம்பு விரும்பிச் சாப்பிடுவார் என்பதற்கு ஐம்பது வருடத்து ஆதாரம் இருக்கிறது. ஒரு காட்சிக்கு ஒளியமைத்தவர், ஒரு பொம்மைக்கு உள்ளே மோட்டார் பொருத்தியவர் பற்றிப் பக்கம் ஒதுக்கிய பத்திரிகையை விரல்விட்டு எண்ணிவிடலாம். (என் பிழைப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

சரி, ஜீனோ. ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் எண்பதுகளில் வந்த கதை. பிறகு தூர்தர்ஷனில் தொடரானது. நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ என்று எல்லாமே இரண்டெழுத்துப் பெயர்கள். ஊரே வாராவாரம் விகடனுக்குக் காத்திருந்த கதை டி.வி.க்கு வருகிறது என்றதும் மொட்டைமாடிகளில் ஆள் நடமாட்டம் கூடியது. ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு மேலே ஒருத்தர், கீழே கூடத்தில் ஒருத்தர், நடுவே மாடிப்படியில் செய்தி கடத்த ஒரு பொடியன். பொடியன் நான். எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது: 1987 மார்ச்சில் குடமுழுக்கு ஆன ராஜகோபுரம்தான் படம் கலங்குவதற்குக் காரணம். “236 அடிக்கு நிக்கறார், அவரைத் தாண்டி எப்படிடா வரும்?” மரியாதை கோபுரத்துக்கு, கோபம் கொடைக்கானலுக்கு.

ஜீவாவைத் திரையில் காட்டுவது பெரிய காரியம் இல்லை. வெறும் ஒளிப்பிம்பமாக ஒரு சர்வாதிகாரி. அந்தக் கால வீடியோ ஸ்டுடியோக்களில் இதற்கென்றே குரோமா கீ என்ற வித்தை உண்டு. நீலத் துணிக்கு முன்னால் ஆளை நிறுத்திப் படம் எடுத்து, நீலத்தை மட்டும் கழற்றிவிட்டு, வேண்டிய பின்னணியைச் சொருகுவார்கள். நடிப்பவர் தப்பித் தவறி நீலச் சட்டை போட்டு வந்தால் நெஞ்சில் ஓட்டை விழுந்து பின்னணி தெரியும்.

ஜீனோதான் சிக்கல். பேசும், புத்தகம் படிக்கும், எதிர்த்து வாதம் பண்ணும் இயந்திர நாய். எழுத்தில் அதற்குச் செலவு ஒரு சொட்டு மை. திரையில் இயந்திர நாயை நடமாட விடுவது என்ன பாடு என்பதற்கு டாக்டர் ஹூவில் 1977-இல் வந்த கே-9 என்ற நாயைப் பார்த்தால் போதும். ரேடியோ அலையில் அதை ஓட்டினார்கள். அந்த அலை கேமராவைக் குழப்பியது, கேமரா நாயைக் குழப்பியது. மோட்டார் போட்ட சத்தத்தில் வசனம் அமுங்கியது. வாசலில் ஒரு சின்ன நிலைப்படி இருந்தாலே நாய் நின்றுவிடும். வேறு வழி இல்லாதபோது மீன்பிடி நரம்பைக் கட்டி இழுத்தார்கள்.

இதைப் படித்ததும் கீழச் சித்திரை வீதிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. சுஜாதா பாட்டியிடம் வளர்ந்த வீதி. தெருவிலிருந்து படி, படி ஏறினால் திண்ணை, அப்புறம் நிலை, ரேழி, அங்கே இன்னொரு நிலை. கே-9 இங்கே வந்திருந்தால் முதல் படியிலேயே வாழ்க்கை முடிந்திருக்கும். ஜீனோவுக்கு எழுத்தில் படியே கிடையாது. ஓடிப்போய்க் கதாநாயகி நிலாவின் மடியில் உட்கார்ந்துவிடும். ரோபோ கதைகள் எழுதிய அசிமோவின் சாயல் என்று சொல்பவர்கள் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும். அந்த நாயின் நாக்கு அசிமோவிடம் கடன் வாங்கியதல்ல. சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளில் வரும் ரங்கு கடையில் உட்கார்ந்து ஊர்வம்பு கேட்ட நாக்கு. பெரிய மனுஷர்களை மரியாதையாகவே வாரிவிடுகிற அந்தத் தொனி வேறு எந்த ஊர் இயந்திரத்துக்கும் வராது. செயின்ட் ஜோசப்ஸில் பௌதிகமும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸும் படித்து, பெங்களூர் பி.இ.எல்.லில் வாக்குப்பதிவு இயந்திரத்துக்கு உழைத்த மனிதருக்குச் சர்க்யூட் எங்கே சொதப்பும் என்று தெரியும். அதனால்தான் ஜீனோ அவ்வப்போது சொதப்பும்.

என் கவலை இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. நாவல் அச்சில் இருக்கிறது, இனியும் இருக்கும். நாவலே இருக்கும்போது பழைய டி.வி. தொடருக்கு என்ன அவசரம் என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் வீடியோ நாடாவைக் கையில் தொட்டுப் பார்க்காதவர்கள். நாடா என்பது பாலியெஸ்டர் பட்டை. அதன்மேல் காந்தத் துகள்களைப் பிடித்து வைத்திருப்பது ஒரு பசை. பசை காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். குடிக்கக் குடிக்கப் பிசுபிசுக்கும். அந்த நிலையில் ஓடவிட்டால் துகள் உரிந்து டெக்கின் தலையில் அப்பிக்கொள்ளும். படம் இருந்த இடத்தில் பழுப்புத் தூள்தான் மிஞ்சும். விவரம் தெரிந்தவர்கள் சிலவகை நாடாக்களை ஐம்பது டிகிரி சொச்சம் சூட்டில் மணிக்கணக்காக வாட்டி, ஈரம் போனதும் அவசர அவசரமாகப் படி எடுத்துக்கொள்வார்கள். நாமோ காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே குடியிருக்கிறோம். ஐப்பசி மழையில் தீப்பெட்டியே பற்றாது.

இத்தனைக்கும் கணக்கு வைப்பதில் இந்தத் தீவுக்கு நிகர் கிடையாது. யார் என்ன கைங்கரியம் செய்தார், எந்த மண்டபம் எவர் திருப்பணி, யாருக்கு என்ன மரியாதை என்று ஸ்ரீரங்கம் கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு வரிசையாகச் சொல்கிறது. சுவரிலும் தூணிலும் கல்வெட்டுகள் ஐந்நூறுக்கு மேல். கல்லுக்கு உளி, ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய். நாடாவுக்கு நம் வீடுகளில் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: துணியில் சுற்றிப் பரணில் போடுவது.

அழிப்பதில் நாம் மட்டும் சூரர்கள் இல்லை. நாடா விலை அதிகம், மறுஒளிபரப்புக்கும் வழியில்லை என்று அறுபதுகளின் டாக்டர் ஹூ அத்தியாயங்கள் ஏராளமாக அழிந்துபோயின. கிட்டத்தட்ட நூறு அத்தியாயங்களைக் காணவில்லை. 1969-இல் நிலவில் மனிதன் கால் வைத்த ஒளிபரப்பின் மூல நாடாக்களே அழித்து மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று நாற்பது வருடம் கழித்து அறிவித்தார்கள். சித்தப்பாவின் செல்லோடேப்புக்கு உலகமெங்கும் உறவினர்கள்.

காணாமல்போன அந்த டாக்டர் ஹூ அத்தியாயங்கள் அத்தனைக்கும் ஒலி மட்டும் தப்பித்திருக்கிறது. எப்படி? அந்தக் காலத்துப் பையன்கள் டி.வி. முன்னால் டேப் ரெக்கார்டர் மைக்கை நீட்டிப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். பின்னணியில் வீட்டார் பேச்சு கேட்டுவிடக் கூடாதே என்று அம்மாவை அதட்டியிருப்பார்கள். 2013-இல் ஒன்பது அத்தியாயங்கள் படத்தோடு கிடைத்ததாக அறிவிப்பு வந்தது. கிடந்த இடம் நைஜீரியாவில் ஜோஸ் என்ற ஊரில், ஒரு டி.வி. நிலையத்தின் சாமான் அறை. ஜோஸில் கிடைக்கும்போது உறையூரில் கிடைக்காதா, திருவானைக்காவலில் கிடைக்காதா? தூர்தர்ஷனே கதி என்று இருந்த நாளில் டெக் வைத்திருந்த வீடுகள் தெருவுக்கு இரண்டு தேறும். அந்தப் பரண்களில் ‘சீமந்தம் பாகம் 2’ என்று எழுதிய கேசட்டுக்குள் யார் கண்டது, ஜீனோ சுருண்டு படுத்திருக்கலாம். தொடரில் வேலை பார்த்தவர்கள் எங்கே இருந்தாலும் நினைவில் இருப்பதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். வயது யாருக்கும் நிற்கவில்லை.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நம் பரணைப் பார்க்காமல் இருக்கலாமா? போன மாதம் ஏணி போட்டேன். கல்யாணக் கேசட், பித்தளை அண்டாவுக்குள், 1998-ஆம் வருடப் பஞ்சாங்கத்தின் கீழே இருந்தது. செல்லோடேப் மஞ்சளாகிச் சுருண்டிருந்தது. மலைக்கோட்டைப் பக்கம் ஒரு சந்தில் இன்னும் டெக் பழுது பார்க்கிற ஒருவர் இருக்கிறார். மூடியைத் திறந்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். கறுப்பு நாடாவின் ஓரத்தில் விபூதி தூவினமாதிரி வெள்ளை.

“பூசணம் பிடிச்சிருக்கு சார். அப்படியே போட்டா தலை அடைச்சுக்கும். சிக்கிடுச்சுன்னா வெட்டித்தான் எடுக்கணும்.”

“தொடைக்க முடியாதா?”

“முடியும். ஸ்பூலைக் கழட்டி, கையால சுத்தி, அடி அடியா தொடைக்கணும். மூணு மணி நேரக் கேசட்டு. முழுசும் வேணுமா, பாதி போதுமா?”

நடுவில் ஓர் இருபது நிமிடம் போதும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணத்தில் எந்த இருபது நிமிடம் என்று கேட்கவில்லை. ஈரம் போகட்டும் என்று அரிசி டப்பாவில் வைத்து எடுத்து வரச் சொன்னார். வைத்திருக்கிறேன்.

விஷயம் எப்படியோ அக்காவுக்குப் போய்விட்டது. அவளுக்கு இப்போது பேரன் இருக்கிறான். ராத்திரி போனில் கூப்பிட்டாள். ஜீனோவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

“ஏண்டா, அவர்கிட்ட நல்லா கேளு. மேல பதிஞ்சத எடுத்துட்டா, அடியில இருக்கறது தெரியுமா?”