பாட்டியைக் குழந்தை ஆக்கிய கணக்கு!

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. வல்வில் ஓரி ஆண்ட மலை. அடிவாரத்துக் காரவள்ளியில் புறப்படும் பஸ், 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே ஏறுகிறது.

அந்த மலையில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி, மகன், மருமகள், எட்டாம் வகுப்பு படிக்கும் பேத்தி, தொட்டிலில் ஒரு பேரன். மொத்தம் 5 பேர். பாட்டிக்குக் கைநாட்டுதான். தொட்டில் பிள்ளையைத் தவிர மற்ற மூவருக்கும் எழுதப் படிக்கத் தெரியும்.

இந்த வீட்டில் நூற்றுக்கு எத்தனை பேர் படித்தவர்கள்?

ஐந்துக்கு மூன்று. நூற்றுக்கு 60 என்பீர்கள். ஆனால் தொட்டில் பிள்ளை எப்படிப் படிக்கும்? அதை நீக்கிவிட்டால் நாலுக்கு மூன்று. நூற்றுக்கு 75!

சர்க்காரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறது. 1991-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கு முதல், 7 வயது நிரம்பாத பிள்ளைகளை நீக்கிவிட்டே எழுத்தறிவைக் கணக்கிடுகிறார்கள். ஐந்து வயதுச் சுட்டி ஒருவன் சரளமாகப் படித்தாலும், அவனைப் படித்தவர் கணக்கில் சேர்ப்பது இல்லை. மொத்தத்தில் இருந்து நீக்கியவனைப் படித்தவர் வரிசையில் மட்டும் எப்படி வைப்பது?

2011-ம் ஆண்டில் தமிழ்நாட்டின் ஜனத்தொகை 7 கோடியே 21 லட்சம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 5 கோடியே 18 லட்சம். எல்லோரையும் சேர்த்தால் நூற்றுக்கு 72 பேர்கூட வரவில்லை. சிறு பிள்ளைகள் 74 லட்சம் பேரை நீக்கியதும் 80 ஆகிவிட்டது!

கம்ப்யூட்டர் செய்யும் குறும்பு

இப்போது இந்தக் கணக்குகளைக் கம்ப்யூட்டர் போடுகிறது. படமும் வரைந்து தருகிறது. "7 வயதுக்குக் கீழே உள்ளவர்களை நீக்கு" என்று கட்டளை கொடுத்தால் போதும்.

ஆனால் பாட்டிக்குத் தன் வயது தெரியாது. அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. சில கம்ப்யூட்டர் கணக்குகளில் காலிக் கட்டத்தைச் சைபர் என்று எடுத்துக்கொள்ளும். சைபர் வயது என்றால் கைக்குழந்தை அல்லவா? பாட்டியும் தொட்டிலுக்குப் போய்விட்டாள்!

மிச்சம் மூன்று பேர். மூவரும் படித்தவர்கள். நூற்றுக்கு நூறு! முதியோர் பள்ளி இந்த வீட்டுக்குத் தேவை இல்லை என்று படம் சொல்லிவிடும்.

ஜனத்தொகைக் கணக்கில் இந்தத் தவறு நேராது. வயது சொல்லாதவர்களுக்கு அங்கே தனி வரிசை உண்டு. சிறு பிள்ளைகளை மட்டும் கழிப்பதால் பாட்டி கணக்கிலேயே இருப்பாள்.

சாமைக்கும் இதே கதை

கொல்லிமலையில் சாமை விளையும். சாமை போட்ட நிலங்கள் பலவற்றில் இன்று மரவள்ளி நிற்கிறது. ஒருவருக்கு நாலு துண்டு நிலம். ஒன்றில் 6 மூட்டை சாமை. ஒன்றில் 3 மூட்டை. மூன்றாவதில் விதைத்தும் மழை இல்லாமல் கருகிவிட்டது. நாலாவதில் மரவள்ளி.

மரவள்ளி நிலத்தைச் சாமைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. கருகிய நிலத்தை நீக்கக்கூடாது. 9 மூட்டையை மூன்றால் வகுத்தால், துண்டுக்கு 3 மூட்டை. இதுதான் சரி.

"சைபரை எல்லாம் நீக்கு" என்று கட்டளை போட்டால் கருகிய நிலமும் மறைந்துவிடும். துண்டுக்கு நாலரை மூட்டை என்று படம் உயரும். அதைப் பார்க்கும் அதிகாரி, "விளைச்சல் நன்றாகத்தானே இருக்கிறது? நிவாரணம் எதற்கு?" என்று கேட்பார். விதையையும் உழைப்பையும் பறிகொடுத்தவர் என்ன பதில் சொல்வார்?