256 நிறத்திலிருந்து கறுப்புத் திரைக்கு

"லைன் தாங்குமா?" ரிமோட் டெஸ்க்டாப் போட்டுத் தர வேண்டும் என்றால் 2005 வாக்கில் முதலில் எழுந்த கேள்வி இதுதான். தலைமை ஆபீஸில் சர்வர், அதில் டேலி கணக்கு மென்பொருள். குடோனிலும் கிளையிலும் இருப்பவர்கள் அந்த சர்வருக்குள் நுழைந்து பில் போடுவார்கள். திருப்பூர், ஈரோடு பக்கம் பல ஜவுளிக் கம்பெனிகளின் கணக்கு இப்படித்தான் ஓடியது, இன்றும் ஓடுகிறது. நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அன்றைக்கு பிராட்பேண்ட். மத்திய அரசின் 2004 கொள்கையே அந்த அளவைத்தான் பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. இப்போது அதே குடோனுக்கு ஃபைபர் வந்துவிட்டது, லைனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கள் சப்போர்ட் போன் மட்டும் ஓயவில்லை. கோளாறு வயரை விட்டு இரண்டு முனைகளிலும் போய் உட்கார்ந்துகொண்டது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து ரிமோட் டெஸ்க்டாப்பில் 'எக்ஸ்பீரியன்ஸ்' என்று ஒரு பக்கம் உண்டு. 28.8 மோடமா, 56 மோடமா, பிராட்பேண்டா, லேனா என்று கேட்கும். லேனிலேயே இருந்தாலும் மோடம் என்று சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். வால்பேப்பர் போகும், மெனுவின் துள்ளல் போகும், ஜன்னலை இழுக்கும்போது வெறும் கோட்டுச் சட்டம்தான் நகரும். நிறத்தையும் குறைப்போம். 1998-ல் என்டி 4.0 டெர்மினல் சர்வரோடு வந்த முதல் பதிப்பு 256 நிறத்தில்தான் தொடங்கியது. எக்ஸ்பி 24 பிட் நிறம் கொடுத்த பிறகும் நாங்கள் கீழேயே நின்றோம். முதலாளியின் குலதெய்வப் படம் டெஸ்க்டாப்பில் காணாமல் போனதற்குத்தான் பெரிய புகார் வரும். வேகத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ரிமோட் டெஸ்க்டாப்பின் பின்னால் ஓடும் நெறிமுறையான ஆர்டிபி, அன்று திரையை முழுப் படமாக அனுப்பவில்லை. இங்கே கோடு போடு, இங்கே இந்த எழுத்தை வை என்று கட்டளைகளை அனுப்பியது. ஐகான் போன்ற துண்டுப் படங்களை ஒருமுறை அனுப்பி, எதிர்முனையில் சேமித்து வைத்துக்கொண்டது. அதனால் திரை கட்டம் கட்டமாக வரும், தாமதமாக வரும், ஆனால் வந்த எழுத்து கத்தரித்தது போல் தெளிவாக இருக்கும். சேமித்த துண்டு கெட்டுப்போனால் வேறொரு படத்தின் மூலை இங்கே ஒட்டிக்கொண்டு நிற்கும். கேஷ் ஃபோல்டரைக் காலி செய்தால் சரி. கோளாறு கண்ணெதிரே நடந்தது என்பதால் கண்டுபிடிப்பதும் எளிது.

இன்னொரு நித்தியத் தலைவலி, இணைப்பு எண்ணிக்கை. சர்வரில் நிர்வாகத்துக்கு என்று இரண்டு இணைப்புதான் இலவசம். லாக் ஆஃப் செய்யாமல் மேலே உள்ள பெருக்கல் குறியை அழுத்திவிட்டு இரண்டு பேர் போய்விட்டால், மூன்றாமவருக்கு "அதிகபட்ச இணைப்பு தாண்டிவிட்டது" என்று வரும். ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறக்கும் எம்எஸ்டிஎஸ்சி கட்டளையோடு கன்சோல் என்று சேர்த்து நுழையத் தெரிந்தவர் அன்று எங்கள் வட்டாரத்தில் மந்திரவாதி. தெரியாதவர் கம்பெனி வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, பச்சை விளக்கு எரிகிற பெட்டியின் பொத்தானை அமுக்கச் சொல்வார். இப்போது கிளவுடில் இருக்கும் சர்வருக்குப் பொத்தானும் இல்லை, வாட்ச்மேனும் இல்லை. பிரவுசரில் ரீஸ்டார்ட் கொடுக்கிறோம்.

இன்றைய புகார்கள் வேறு ரகம். "எழுத்து மங்கலா இருக்குதுங்க" என்பது ஒன்று. விண்டோஸ் 10-லிருந்து ஆர்டிபி பல இடங்களில் திரையை வீடியோவாகவே சுருக்கி அனுப்புகிறது. சினிமா பார்க்க இது அருமை. ஆனால் சாதாரண வீடியோச் சுருக்கம் நிற விவரத்தில் முக்கால் பங்கை விட்டுவிடும். வெள்ளையில் சிவப்பாக எழுதிய பாக்கித் தொகையின் ஓரம் கசிந்து தெரியும். நிறம் குறையாத 444 என்ற முறையை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது இதற்காகத்தான், சர்வரில் அதைத் தனியாக இயக்கிவிட வேண்டும். அன்று தாமதமாக வந்த தெளிவு, இன்று உடனே வருகிற மங்கல். கணக்கு பார்ப்பவருக்கு எது வேண்டும் என்று கேட்டால் நான் பழையதைத்தான் சொல்வேன்.

அளவுச் சிக்கல் அடுத்தது. புது 4கே லேப்டாப்பிலிருந்து விண்டோஸ் 2008 சர்வருக்குள் போனால் ஐகான்கள் எறும்பு மாதிரி தெரியும். இந்த முனையின் திரை அளவு விகிதத்தைக் கேட்டு வாங்கும் வசதி 2012 ஆர்2 வந்த பிறகுதான். இரண்டு மானிட்டர் வைத்து வேலை பார்த்துவிட்டு, வீட்டில் ஒரே திரையில் தொடர்பவர்களுக்கு ஜன்னலே காணாமல் போகும். இல்லாத மானிட்டரில் அது இன்னும் திறந்தே கிடக்கும்.

"ஏனுங்ணா, எக்செல் தொறந்திருக்குது, கீழ பட்டைல காட்டுது. பக்கத்தையே காணோமுங்க."

"அதைக் க்ளிக் பண்ணிட்டு, ஆல்ட்டை அமுக்கிப் பிடிச்சு ஸ்பேஸ் பாரைத் தட்டுங்க அம்மணி. மெனு வருதுங்களா? இப்ப எம். அப்புறம் ஏதாச்சும் ஒரு ஏரோ கீ. இனி மவுசை அசைங்க."

"வந்துருச்சுங்ணா!"

எல்லாவற்றுக்கும் மேலே கறுப்புத் திரை. இணைப்பு விழுந்திருக்கும், மவுஸ் அம்புக்குறியும் இருக்கும், வேறு எதுவும் இருக்காது. காரணம் நாலைந்து. 2019-ல் விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு வந்தபோது சில பழைய கிராஃபிக்ஸ் டிரைவர்களோடு ஒத்துப்போகாமல் கறுத்தது. 2012-லிருந்து ஆர்டிபி யுடிபி வழியையும் பயன்படுத்துகிறது. நடுவில் உள்ள ஃபயர்வால் அதைப் பாதி விட்டுப் பாதி மறித்தால் திரை உறையும், யுடிபியை நிறுத்தினால் தெளியும். எதுவுமே புரியாதபோது கன்ட்ரோல் ஆல்ட் எண்ட். அந்தப் பக்கத்து கன்ட்ரோல் ஆல்ட் டெலிட் அது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்ப்ளோரரை மறுபடி ஓடவிட்டால் பாதி நேரம் டெஸ்க்டாப் எழுந்துவிடும்.

எனிடெஸ்க் என்ற ரிமோட் செயலியின் கறுப்பு வேறு கதை. ஆர்டிபி தனக்கென்று ஒரு திரையை உருவாக்கிக்கொள்ளும்; எனிடெஸ்க், விஎன்சி போன்றவை அங்கே இருக்கும் திரையை நகலெடுக்கின்றன. மானிட்டரைக் கழற்றிவிட்ட பெட்டியில் நகலெடுக்க என்ன இருக்கிறது? மானிட்டர் இருப்பதாக நம்பவைக்கும் விரல் நீள எச்டிஎம்ஐ டம்மி பிளக் ஒன்றைச் செருகிவிட்டு வருகிறோம்.

நுழைவாசல் மாறிய விதம்தான் பெரிய மாற்றம். அன்று ரௌட்டரில் 3389 போர்ட்டைத் திறந்து, நிலையான ஐபி வாங்கி வைத்தால் வேலை முடிந்தது. உலகம் முழுவதற்கும் கதவு திறந்திருக்கிறதே என்று யாரும் கவலைப்படவில்லை. 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற ஓட்டை வெளியானபோது, ஆதரவை எப்போதோ நிறுத்தியிருந்த எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. இன்று முதலில் விபிஎன், பிறகு ஓடிபி, அதன் பிறகுதான் பாஸ்வேர்டு. "கனெக்ட் ஆகலை" என்று போன் வந்தால் இந்த வரிசையில் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். அன்று வாயால் விவரிக்கச் சொன்னதை இன்று வாட்ஸப்பில் போட்டோவாகக் கேட்கிறேன்.

ஒரு புதுத் தடங்கலும் உண்டு. எனிடெஸ்க் வழியாகப் பணம் பறிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019-ல் எச்சரித்தது. இப்போது கணக்குப் பிரிவில் எனிடெஸ்க் எண்ணைக் கேட்டால் உடனே சொல்வதில்லை. முதலாளியிடம் கேட்டுவிட்டு, என் நம்பருக்கு அவர்களே திருப்பி அழைத்து, குரலை உறுதி செய்துகொண்டுதான் சொல்கிறார்கள். ஐந்து நிமிடம் போகிறது. போகட்டும், அந்த ஐந்து நிமிடத்துக்கு நான் பில் போடுவதில்லை.