ஒட்டுக்கன்றின் அடிக்கட்டையைக் கேட்டு வாங்குவோம்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று மீண்டும் ஒரு காணியில் காலூன்றும்போது நிழலுக்கும் பயனுக்குமாக முதலில் தேடுவது மரக்கன்றுகளையே. மிளகாய் பிழைத்தால் ஒரு போகம் நட்டம். தோடை பிழைத்தால் பல ஆண்டு உழைப்பு நட்டம். ஆகவே தோடங்கன்று வாங்குமுன் அதன் அடிப்பகுதியைப் பற்றி நாம் சற்று அறிந்திருப்பது நல்லது.

ஒட்டுக்கன்று என்பது இரண்டு மரங்கள் சேர்ந்த ஒரு மரம். மேலே பழம் தருவது ஒட்டுமுளை. கீழே வேராக நிற்பது ஒட்டுக்கட்டை. பழத்தின் இனத்தை முளை தீர்மானிக்கின்றது. மரத்தின் உயரம், காய்க்கத் தொடங்கும் காலம், விளைச்சல், வரட்சியைத் தாங்கும் சக்தி, வேர் நோய்களுக்கு ஈடுகொடுக்கும் தன்மை ஆகியவற்றில் கட்டைக்கும் பெரும் பங்குண்டு.

பிரேசில் கற்ற பாடம்

1842இல் அசோர்ஸ் தீவுகளில் தோடை மரங்களின் அடித்தண்டு அழுகிப் பிசின் வடிந்தது. மண்ணிலுள்ள பூஞ்சணம் போன்ற ஒரு கிருமியே காரணம். புளித்தோடையின் வேர் இதனை நன்கு தாங்கியது. எனவே பல நாடுகளில் அதையே ஒட்டுக்கட்டையாக்கினர்.

1930களில் ஆர்ஜென்டீனாவிலும் பிரேசிலிலும் அதே புளித்தோடைக் கட்டையில் நின்ற மரங்கள் வாடிச் செத்தன. அழுக்கணவன் பூச்சி பரப்பிய வைரசு நோய் அது. ஒட்டுக்குச் சற்றுக் கீழே உணவு இறங்கும் பாதையை அது அழிக்க, வேர் பட்டினியால் மடிந்தது. சாவோ பாவுலோ மாநிலத்தில் மட்டும் ஏறத்தாழ 90 இலட்சம் மரங்கள் அழிந்தன. மக்கள் அந்நோய்க்கு ‘துயரம்’ எனப் பொருள்படும் திரிஸ்தேசா என்ற பெயரை இட்டனர்.

பின்னர் அவர்கள் ராங்பூர் தேசியைக் கட்டையாக்கினர். அது திரிஸ்தேசாவையும் வரட்சியையும் தாங்கியது; விரைவாகக் காய்த்தது; விளைச்சலும் கூடியது. ஆனால் 1999இல் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தில் இக்கட்டையில் நின்ற மரங்களைத் திடீர்ச் சாவு என்னும் புதிய நோய் பிடித்தது. நோயைத் தாங்கும் வேறொரு இனக் கன்றைத் தண்டருகே நட்டு, அதனை மரத்தோடு ஒட்டித் துணைவேர் கொடுத்துச் சில தோட்டங்களைக் காத்தனர்.

எல்லா நோய்க்கும் ஈடுகொடுக்கும் கட்டை கிடையாது. ஒரே கட்டையை ஊரெங்கும் நடுவதும் ஆபத்தானது.

நாம் கவனிக்க வேண்டியவை

1. கன்று வாங்கும்போது, எந்தக் கட்டையில் ஒட்டியது எனக் கேளுங்கள். நீர் தேங்கும் நிலத்துக்கு அடியழுகலைத் தாங்கும் கட்டை தேவை. வரண்ட மணலுக்கு ஆழ வேரோடும் கட்டை தேவை.

2. நோயுற்ற மரத்திலிருந்து முளை எடுக்க வேண்டாம். திரிஸ்தேசா முளையோடும் வரும்.

3. ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரத்திலாவது நிற்கட்டும். அதனை மண்ணாலோ குப்பையாலோ மூடினால் மேல்மரமே வேர்விடும், தண்டும் அழுகும். கட்டையின் பயன் அற்றுப்போகும்.

4. தண்டைச் சுற்றித் தண்ணீர் கட்டாமல், சற்றுத் தள்ளி வட்டமாகப் பாத்தி கட்டுங்கள்.

5. ஒட்டுக்குக் கீழே வரும் தளிர்களை உடனே கிள்ளிவிடுங்கள். விட்டுவைத்தால் கட்டையே மரமாகிவிடும்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. கட்டை மேல்மரத்தின் எல்லாக் குறைகளையும் தீர்க்காது. தேசி இலையில் சொறிபோலத் தோன்றும் பற்றீரியா நோயைக் கட்டை தடுக்காது. தேசி தானே திரிஸ்தேசாவுக்கு இலகுவில் ஆளாகும் இனம். எந்தக் கட்டையில் ஒட்டினாலும் அதற்கு நோய் வரலாம்.

விதைக்கன்றாக நட்ட தோடை காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் செல்லும். ஒட்டுக்கன்று மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்க்கும். இழந்த காலத்தை ஈடுசெய்ய விரும்பும் குடும்பங்களுக்கு இது சிறிய வேறுபாடு அல்ல. ஆனால் பிழையான கட்டையின் குற்றம் நடும் நாளில் தெரியாது. மரம் காய்த்துக் குலுங்கும் வேளையில்தான் தெரியவரும். கன்று வாங்கும் இடத்தில் கேட்கும் ஒரு கேள்விக்குச் செலவேதும் இல்லை. அதனைக் கேட்காமல் திரும்பாதிருப்போம்.